நாலாவது வாரம் நான் சொன்னது

1.

முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கதை எனக்குக் கனவுல வரல, யாரும் வந்து சொல்லவும் இல்ல. ஒரு கண்ணாடிக் கடையில என் வாயிலேருந்து விழுந்த ஒரு பேச்சுலதான் பொறந்துச்சு. வாய்க்கொழுப்புன்னு சொன்னாலும் ஒத்துக்கறேன்.

புதுக் கண்ணாடி வாங்கப் போயிருந்தேன். கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு, இருபத்தி மூணு வயசு இருக்கும். மூக்கு மேல சின்ன ஸ்கேலை வெச்சு, ரெண்டு கண்மணிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அளந்து குறிச்சுக்கிட்டா. அப்ப எனக்கு அவ ஒரு மங்கலான வட்டம். வட்டத்துக்குள்ளேருந்து நல்ல குரல் ஒண்ணு வந்துச்சு, அவ்வளவுதான். ஒரு வாரம் கழிச்சுப் போனேன். அவளே கண்ணாடியைத் துடைச்சு மாட்டிவிட்டு, "இப்ப எப்படிம்மா தெரியுது?"ன்னு கேட்டா.

நல்லாவே தெரிஞ்சுது. ஒரு சாண் தூரத்துல அவ முகம். கன்னம், நெத்தி, தாடைன்னு ஒரு இடம் பாக்கி இல்லாம பரு. சிவந்து, ஓரமெல்லாம் தோல் உரிஞ்சு கிடந்துச்சு.

"ஐயையோ, என்னம்மா மூஞ்சி இப்படி இருக்கு?"

உலகமே தெளிவாத் தெரியுது, அதைப் பாத்து நான் சொன்ன முதல் வார்த்தை இது.

"மருந்து போடறேம்மா. நாலாவது வாரம். முதல்ல அதிகமாகித்தான் குறையும்னு டாக்டர் சொன்னாங்க."

"என்ன மருந்து?"

பேரைச் சொன்னா.

"அதேதான்! முதல்ல அதைத் தூக்கிப் போடு. என் தங்கச்சி பொண்ணுக்கு அதைப் போட்டுத்தான் மூஞ்சியே வெந்து போச்சு."

சொல்லிட்டு நிம்மதியா வீட்டுக்கு வந்துட்டேன். நல்லது பண்ணிட்டோம்னு நினைப்பு வேற. மூணு மாசம் கழிச்சுக் கண்ணாடி துடைக்கற துணி வாங்கப் போனா, கவுன்ட்டர்ல வேற பொண்ணு. அவ எங்கன்னு கேட்டேன். "உள்ள போட்டுட்டாங்கம்மா"ன்னாங்க பில் போடற அம்மா. உள்ளன்னா, லென்ஸ் தேய்க்கற அறை.

நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அதான் எழுதறேன்.

2.

ஆரம்பம் ஒண்ணு: "விடிகாலைச் சூரியன் அந்தக் கண்ணாடிக் கடையின் ஆயிரம் லென்ஸ்களில் பட்டுச் சிதறியபோது…"

[விட்டுட்டேன். கடையைப் பத்து மணிக்குத்தான் திறக்கறாங்க.]

ஆரம்பம் ரெண்டு: "அவள் அழகி அல்ல. ஆனால்"

[அந்த 'ஆனால்' வந்ததும் கை கூசிச்சு. ஆனால், என்ன? மனசு தங்கம்னு எழுதணுமா? பரு இருக்கறவங்களுக்கு மனசு தங்கமா இருந்தே ஆகணும்னு யாரு சட்டம் போட்டது?]

ஆரம்பம் மூணு: "குழாயை அழுத்தினாள். விரல் நுனியில் பட்டாணி அளவு களிம்பு வந்து நின்றது."

இது இருக்கட்டும். இன்னொண்ணு, கதை நடக்கற இடத்துல மட்டும் என் தமிழுக்கு நல்ல துணி கட்டிவிடறேன். உங்ககிட்ட பேசறப்ப வீட்டுத் துணிதான். குழம்பாதீங்க.

3.

குழாயை அழுத்தினாள். விரல் நுனியில் பட்டாணி அளவு களிம்பு வந்து நின்றது. கடையில் எல்லோரும் 'கண்ணாடிப் பொண்ணு' என்று கூப்பிடும் அவளுக்கு இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவு பெரிய பகைக்கு இத்தனூண்டு படையா?

தோல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "பட்டாணி அளவு, முகம் முழுக்க. பருவுக்குப் பரு பொட்டு வைக்கக் கூடாது. முதல் ஒரு மாசம் உள்ள இருக்கறதெல்லாம் கிளம்பி வெளிய வரும். அப்ப பயந்து விட்டுடாத. ரொம்ப எரிஞ்சா உடனே என்கிட்ட வா. இல்லன்னா பன்னிரண்டு வாரம் கழிச்சு வா."

பன்னிரண்டு வாரம். முதலாளி கொடுத்தது எட்டு.

முதலாளி கெட்டவர் இல்லை. சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும், யாரையும் அதட்டிக் கூப்பிட மாட்டார். அன்றைக்கும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மேசையிலிருந்த ஒரு ஃபிரேமின் காலை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டேதான் பேசினார்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. கஸ்டமர்தான் சொல்றாங்க. கண்ணாடியை மாட்டினதும் முதல்ல உன் முகத்தைத்தான பாக்கறாங்க? கொஞ்ச நாள் உள்ள இரேன்."

"சார், மருந்து போட ஆரம்பிச்சிருக்கேன். மூணு மாசம் குடுங்க."

"மூணு மாசமா? ரெண்டு."

கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவது போலப் பேசி முடித்தார்கள்.

உள்ளே போவதில் அவளுக்கு என்ன நஷ்டம் என்றால், கவுன்ட்டரில் இரண்டு வருடம் நின்றவர்களைத்தான் கண் பரிசோதிக்கும் அறையில் உட்கார வைத்துப் பழக்குவார்கள். அவளுக்கு இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி. உள்ளே போனால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். இருட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, "இதுவா, இதுவா, எது தெளிவா இருக்கு?" என்று கேட்கும் வேலை. அந்தக் கேள்வியை அவள் வீட்டில் யாரும் இல்லாதபோது சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

[இந்தக் கடைசி வரி நானாப் போட்டது. அவ அப்படிச் சொல்லிப் பாத்தாளான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா ரெண்டு வருஷக் கணக்கு நிஜம். பில் போடற அம்மா சொன்னாங்க.]

4.

இரண்டாவது வாரத்திலிருந்து கிளம்பி வர ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் தலை வாரப் பழகினாள். வீட்டில் அது முடிந்தது. கடையில் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடி.

வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்கள். கண் தெரிந்த மறு நிமிடம் வைத்தியம் தொடங்கிவிடும்.

"எலுமிச்சம்பழம் தேய்மா. இயற்கையை மிஞ்சி எதுவும் இல்ல" என்றார் ஒரு வாத்தியார். அவர் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியபடியே இருந்தது. அவள் அதைச் சரி செய்துகொண்டே, "சரிங்க சார்" என்றாள்.

"என் தம்பி ஆறு மாசம் போட்டான், இதே மருந்துதான்" என்றார் ஒரு பஸ் டிரைவர். "கூடவும் இல்ல, குறையவும் இல்ல. டியூப்தான் காலியாச்சு."

ஒரு கல்லூரிப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் பரு போயிடுச்சுக்கா. ஆனா வெயில்ல கால் வெச்சா முகம் திகுதிகுன்னு எரியுது. குடை இல்லாம வெளிய போறதே இல்ல. சந்தோஷப்படறதா வேணாமான்னே தெரியல."

பாங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி மட்டும் அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தார். "தொட்டுப் பாரு. அஞ்சாவது வாரம் நான் பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். விடல. நீயும் விடாத, கண்ணு."

கண்ணாடிப் பொண்ணு அந்தக் கன்னத்தின் வழவழப்பை அன்று முழுவதும் விரலிலேயே வைத்திருந்தாள்.

[இதையெல்லாம் நான் நாலு பேரை விசாரிச்சு எழுதினேன். மருந்துக் கடைக்காரர்கிட்டயும் கேட்டேன். "சிலருக்கு ஒத்துக்கும், சிலருக்கு ஒத்துக்காது. டாக்டரைத்தான் கேக்கணும்மா"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. விவரம் தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தர்தான். பேச்சும் அவருதான் கம்மி.]

5.

நாலாவது வாரம் ஒரு கிழவி வந்தாள்.

[எழுதிட்டேன். இனி அழிக்க மாட்டேன்.]

கிழவிக்குக் கண் தெரியாதபோது நல்லவளாக இருந்தாள். "உன் கை எவ்வளவு மெத்துனு இருக்கும்மா" என்றுகூடச் சொன்னாள். கண்ணாடியை மாட்டியதும் அலறினாள். பக்கத்தில் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். முதலாளியும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

வெந்து போச்சு என்றாள் கிழவி. சூடு, எரிச்சல், உரிந்தது என்றால்கூடக் கண்ணாடிப் பொண்ணு தாங்கியிருப்பாள். அவையெல்லாம் தினமும் அனுபவிப்பவைதான். வெந்து போச்சு என்றால், திரும்பாது என்று அர்த்தம்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள்.

"நாலு பேர் சொல்றாங்கன்னா ஏதாவது இருக்கும்டி" என்றாள் அம்மா. "இருக்கற மூஞ்சியாவது மிஞ்சட்டும். மூடி வை."

"பாங்க் மேடம் விடாதன்னாங்கம்மா."

"அவங்க ஒருத்தர். அந்தப் பாட்டிக்குப் பொய் சொல்லி என்ன ஆகப் போகுது?"

மூடியைத் திருகி, குழாயை மேசை இழுப்பறையில் போட்டாள். எட்டாவது வாரம் முடிந்தபோது, பாதிப் பரு அடங்கியும் பாதி அடங்காமலும், அவள் லென்ஸ் தேய்க்கும் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

[அந்த அம்மாவை நான்தான் உண்டாக்கினேன். பழியைப் பங்கு போட்டுக்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. அவளுக்கு அம்மா இருக்காங்களா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது.]

6.

அடிக்குறிப்பு மாதிரி ஒண்ணு. கீழ சின்ன எழுத்துல போட்டா யாரும் படிக்க மாட்டீங்க, அதனால இங்கயே போடறேன்.

என் தங்கச்சி பொண்ணுக்கு மூஞ்சி வெந்தது உண்மை. டாக்டர் பட்டாணி அளவுன்னா, இவ சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கற மாதிரி அப்பினா. ராத்திரி மட்டும்னா, இவ காலையிலயும் அப்பிக்கிட்டு உச்சி வெயில்ல ஸ்கூட்டர்ல சுத்தினா. சீக்கிரம் சரியாகணுமாம். ஒரு வாரத்துல மூஞ்சி தக்காளி.

இது பாதிக் கதை. மீதிப் பாதி: டாக்டர்கிட்ட போய்த் திட்டு வாங்கினா. மூஞ்சி ஆறினதும், ரெண்டு நாளைக்கு ஒரு தரம்னு அதே மருந்தைத் திரும்ப ஆரம்பிச்சா. அஞ்சு மாசத்துல முகம் சுத்தமாயிடுச்சு. இப்ப அவ கன்னத்துல தேடினாலும் ஒரு புள்ளி இல்ல.

கடையில நின்னப்ப இது எனக்குத் தெரியுமா? நல்லாத் தெரியும். ஏன் சொல்லல? பாதிக் கதைதான் சுவையா இருந்துச்சு. கதை சொல்றவங்களுக்கு இந்த வியாதி உண்டு. இதுக்குக் களிம்பு கிடையாது.

7.

முடிவு ஒண்ணு: அவள் மறுபடி மருந்து போடுகிறாள், முகம் தெளிகிறது, முதலாளி தானாகவே வந்து கூப்பிடுகிறார், இருட்டறையில் உட்கார்ந்து "இதுவா, இதுவா" என்று

[கிழிச்சுட்டேன். இதுல மருந்து அவளுக்குப் போடல, எனக்குப் போட்டுக்கறேன்.]

முடிவு ரெண்டு: அவள் கிழவி பேச்சைக் கேட்காமல் தொடர்கிறாள். ஆறாவது வாரம் முகம் நிஜமாகவே வெந்து போகிறது.

[இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கை தானா ஓடுச்சு. எழுதி முடிச்சுப் படிச்சப்பதான் புரிஞ்சுது, நான் சொன்னது சரியாப் போகணும்கறதுக்காக ஒரு பொண்ணு மூஞ்சியைச் சந்தோஷமா எரிச்சிருக்கேன். அழிச்சுட்டேன். அந்த சந்தோஷம் மட்டும் அழியல.]

அதனால கடைக்கே போனேன். போக ஒரு சாக்கு வேணுமே, கண்ணாடியோட மூக்குப் பட்டையை நானே திருகித் தளர்த்திக்கிட்டேன்.

கவுன்ட்டர் பொண்ணுக்கு அது சரியா வரல. உள்ள குரல் குடுத்தா. அவ வந்தா. முன்னாடி ஏப்ரன், அதுல வெள்ளைத் தூள். மூக்கும் வாயும் மூடி மாஸ்க். லென்ஸ் தூள் பறக்கற இடமாம், போட்டே ஆகணுமாம். குறைஞ்சுதா, கூடிச்சா, எனக்கு ஒண்ணும் தெரியல.

சின்ன ஸ்க்ரூ டிரைவரால திருக ஆரம்பிச்சா.

"என்னை ஞாபகம் இருக்காம்மா?"

"இல்லையேம்மா."

"உன் மருந்தை விடச் சொன்னது நான்தான்."

தலையைத் தூக்காமயே சிரிச்சா. "நிறைய பேர் சொன்னாங்கம்மா. நீங்க யாரு? எலுமிச்சம்பழமா, தங்கச்சி பொண்ணா?"

இத்தனை நாளா என் தூக்கத்தைக் கெடுத்த பாவம், அவ கணக்குல கூட்டத்தோட கூட்டமா நின்னுச்சு.

"தங்கச்சி பொண்ணு."

"ஓ." இப்பதான் நிமிந்தா. "பாவம், அவங்க எப்படிம்மா இருக்காங்க இப்ப?"

கேலி இல்ல. நிஜமாவே விசாரிக்கறா. அதான் என்னைக் கொன்னுச்சு. சொல்லிட்டேன். சுண்ணாம்பு, ஸ்கூட்டர், டாக்டர் திட்டு, அதே மருந்து, அஞ்சு மாசம். எல்லாத்தையும் சொன்னேன்.

அவ கை நின்னுச்சு. பில் போடற அம்மா எழுதறதை நிறுத்திட்டு எங்களையே பாத்தாங்க. அப்புறம் அவ ஸ்க்ரூவைக் கடைசிச் சுத்து திருகி, கண்ணாடியைத் துடைச்சு, கவுன்ட்டர் மேல வெச்சா. அவ கையால மாட்டிவிடல.

"டியூப்ல பாதி இருக்கு"ன்னா. "மறுபடி ஆரம்பிக்கட்டுமா? நீங்க என்ன சொல்றீங்க?"

மாஸ்க்குக்கு மேல ரெண்டு கண்ணு மட்டும். நிஜமாக் கேக்கறாளா, குத்திக் காட்டறாளா, தெரியல. கேள்வின்னா பதில் சொல்லணும். குத்தல்னா மன்னிப்புக் கேக்கணும். மாத்திச் செஞ்சா ரெண்டும் கெட்டுப் போகும்.

நான் என்ன செஞ்சேன்னு எழுதப் போறதில்ல. எழுதினா என் பக்கம் சாய்ச்சுத்தான் எழுதுவேன், இவ்வளவு நேரம் பாத்தீங்களே. நீங்க வந்து என் இடத்துல நில்லுங்க. 'டாக்டரைக் கேளும்மா'ன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா, 'அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?'ன்னு அவ கேப்பா. அதுக்கும் ஒரு பதிலைத் தயாரா வெச்சுக்கிட்டு அப்புறம் வாயைத் திறங்க.