மாறாத அறை எண்

குரல்நாணில் வீக்கம், இரண்டு மாதம் குரலை உயர்த்தவே கூடாது என்று தொண்டை டாக்டர் சொல்லிவிட்டார். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க டோக்கன் எண்ணைக் கத்துகிறவளிடம் சொல்கிற பேச்சா இது! பல் டாக்டரோ, "இன்னிக்கு மதியம் வரைக்கும் உங்க கம்ப்யூட்டர் வித்தையைப் பாக்கறேன்மா. சரிப்படலேன்னா நாளைக்கு வேற ஆள் வந்துருவாங்க" என்றார். பதினோரு வருட நாற்காலி. விடுவாளா அவள்?

மூன்று வாரம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைப் படித்து, பொத்தானை அழுத்தினால் சுவர்த்திரையில் அடுத்த டோக்கனும் போகவேண்டிய அறையும் தெரியும்படி எழுதியிருந்தாள். காலையில் திரையில் 'டோக்கன் 1, அறை 1' வந்தது. முதல் ஆள் போய்த் திரும்பியதும் பொத்தானை அழுத்தினாள். அந்த 1 குத்துக்கல் மாதிரி அசையாமல் நின்றது.

"இன்னிக்கு முழுக்க ஒண்ணாம் நம்பருக்கு மட்டும்தான் வைத்தியமா?" என்றார் கன்னம் வீங்கிய ஒருவர்.

எழுதிய நிரலைத் திறந்து பார்த்தாள். சிவப்பில் பிழை: மாறிலியை மாற்ற முடியாது. பத்திரமாக இருக்கட்டும் என்று டோக்கன், அறை இரண்டையுமே 'கான்ஸ்ட்' என்று அறிவித்திருந்தாள். கான்ஸ்ட் போட்டால் வைத்த மதிப்பு வைத்ததுதான். அடி மண்டு, மாறவேண்டியதைக் கட்டிப்போட்டால் எப்படி மாறும்? தன்னையே திட்டிக்கொண்டு, வந்த வேகத்தில் இரண்டையும் மாற்றத்தக்க 'லெட்' ஆக்கினாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

டோக்கன் 2 வந்தது. கூடவே அறை 2. அது எக்ஸ்ரே அறை; போனவரை நர்ஸ் டாக்டர் இருக்கும் அறை 1-க்குத் திருப்பி அனுப்பினார். அடுத்து டோக்கன் 3, அறை 3. வீங்கிய கன்னத்துக்காரர் கழிப்பறை வாசலில் நின்று, "டாக்டர் இதுக்குள்ளயா இருக்கார்?" என்றார். கூடம் சிரித்தது.

அவமானத்தில் அவள் முகம் எரிந்தது. கத்திக் கூப்பிட்டுவிடலாமா என்று தொண்டை வரை வந்தது. மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அறையை மட்டும் மறுபடி கான்ஸ்ட் ஆக்கி அழுத்தினாள். சிவப்புப் பிழை இப்போது வேறொரு வரியைக் காட்டியது. டோக்கனைக் கூட்டும் வரியை நகலெடுத்து ஒட்டியபோது, அறைக்கும் ஒன்று கூட்டித் தொலைத்திருந்தாள். காலையில் வில்லனாக இருந்த கான்ஸ்ட்தான் தப்பைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தது. அந்த வரியை அழித்து, டோக்கனை 3-லிருந்து தொடங்கவைத்தாள்.

டோக்கன் 3, அறை 1. வீங்கிய கன்னம் உள்ளே போயிற்று. டோக்கன் 4, அறை 1. டோக்கன் 5, அறை 1. அதன் பிறகு யாரும் அவள் வாயைப் பார்க்கவில்லை.

மதியம் டாக்டர் வெளியே வந்தார். "நாளைக்கு வரச்சொன்ன ஆளுக்கு போன் பண்ணி, வேணாம்னு சொல்லிடுங்கம்மா."

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, மெல்லிய குரலில் குறும்பாகச் சொன்னாள்.

"நீங்களே சொல்லிடுங்க டாக்டர். நான்தான் பேசக்கூடாதே."