உதுமான் பாஸ் எழுத வேண்டாம் என்ற விலை

1.

ஒரு மனிதனின் வாக்கு, 2005ஆம் ஆண்டு கல்முனையில், பக்கமொன்றுக்கு முப்பது ரூபாய். பிரதி வேண்டுமென்றால் அதற்கு வேறாக மூன்று ரூபாய்.

இந்த விலையை வைத்தவள் ஸம்ஸியா. கடைத்தெருவுக்குப் பின்னால், மருந்துக்கடையும் தையல்கடையும் இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற டைப்பிங் கடை அவளுடையது. இந்தக் கதையும் அவளுடையதுதான். யுத்தம் முடிந்த வருசம் ஒரு சத்தியக்கடதாசி அடிக்கப் போன இடத்தில் அவளிடமிருந்து வாங்கினேன்.

வாங்கினேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். புடவை வியாபாரியின் மகன் நான். பெருநாள் காசைக்கூட ஒரு தடவை பேரம் பேசிப் பார்க்காமல் வாங்காத வீடு எங்களுடையது. ஸம்ஸியா காசு கேட்கவில்லை. இரண்டு நிபந்தனை வைத்தாள்.

“ஒண்டு, சுனாமியத் தூக்கி முன்னால வைக்கப்படாது. எங்கட ஊர எழுதுற எல்லாரும் கடலத்தான் முதல்ல கூப்பிடுறாங்க. ரெண்டு, முடிவ நீங்க எழுதப்படாது.”

“முடிவில்லாத கதைய ஆரும் வாங்குவாங்களா தங்கச்சி?”

“நீங்க வாங்குறீங்களே.”

அதற்கு மேல் பேசினால் நிபந்தனை மூன்றாகும் என்று தெரிந்து ஒத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எழுதிய முதல் வரி இது:

[அன்று காலை கடல் பின்வாங்கியபோது உதுமாலெவ்வை தன் மேசன் கரண்டியை —]

முதல் நிபந்தனை முதல் வரியிலேயே உடைந்தது. அடித்துவிட்டேன். அடுத்தது:

[கண்ணீரும் சீமெந்தும் கலந்து —]

இதற்கு என்னையே அடித்திருக்க வேண்டும்.

2.

உதுமாலெவ்வையை ஊர் உதுமான் பாஸ் என்று கூப்பிடும். எங்கள் பக்கத்தில் பாஸ் என்றால் முதலாளி இல்லை, வீடு கட்டும் மேசன். சாய்ந்தமருதில் பாதிச் சுவர்களுக்கு அவரைத் தெரியும். அவருக்கு இருந்த ஒரே குறை, பேனை. வாயால் பேசினால் வீடு கண்முன்னே எழும்பி நிற்கும். பேனையைப் பிடித்தால் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் ஆகிவிடுவார்.

அந்த வருசம் வீடு கட்டிக் கொடுக்க வந்த நிறுவனங்கள் சிறிய மேசன்மாரிடமும் விலைமனு கேட்டன. அவர் மூன்று தடவை எழுதிப் போட்டார். மூன்றும் போன வழி தெரியவில்லை. நாலாவதை டைப் அடிக்கக் கொண்டுவந்தபோது ஸம்ஸியா வாசித்துப் பார்த்தாள்.

“மேற்படி விடயம் சம்பந்தமாகத் தங்களின் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் அறியத் தருவது யாதெனில்...”

முதல் பக்கம் முடியும்வரை ஒரு கல்கூட வரவில்லை.

“காக்கா, இதுல வீடு எங்க?” (எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் பறவை இல்லை, அண்ணன்.)

“பொறகு வரும்.”

“வாசிக்கிறவன் அதுக்குள்ள எழும்பிப் போயிருவான். நீங்க ஏன் கதைக்கிற மாதிரி எழுதுறல்ல?”

“கதைக்கிற மாதிரி எழுதினா மரியாதயா புள்ள?”

இந்த இடத்தில் ஸம்ஸியா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன டேப் ரெக்கோடரை எடுத்தாள். ஏதோ நிறுவனத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்த மச்சான் விட்டுப்போனது. அதில் ஒரு கஸட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானைக் காட்டினாள்.

“எழுதாதீங்க. வீடு கட்டப்போற வளவுக்க நடந்து நடந்து கதையுங்க. என்ன கிடக்கு, என்ன செய்யப்போறீங்க, ஏன் செய்யிறீங்க, எத்தினைக்கு. எத செய்யமாட்டீங்க என்டும் சொல்லுங்க. மரியாதைய நான் போட்டுக்கிறன்.”

(இந்த ஐந்து கேள்விகளைக் கேட்க அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து வருசம் மற்றவர்களின் மனுக்களை அடித்து அடித்து, எந்த மனுவுக்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை என்று பார்த்து வைத்திருந்தாள். அவளைப் புகழ வேண்டாமென்று மூன்றாவது நிபந்தனை அவள் போடவில்லை, ஆகவே புகழ்கிறேன்.)

3.

இப்போது பந்தயம் என்னவென்று சொல்லிவிட வேண்டும். பந்தயம் தெரியாமல் விளையாட்டுப் பார்க்க வைப்பது ஏமாற்று வியாபாரம்.

பாலமுனையில் இடிந்து கிடந்த எட்டு வீடுகளைத் திரும்பக் கட்டும் வேலை. ஒரு வெளிநாட்டு நிறுவனம் விலைமனு கேட்டிருந்தது. இந்த வேலை கிடைத்தால் உதுமான் பாஸ் ஊரில் இருப்பார். கிடைக்காவிட்டால் கட்டார் நாட்டுக்குக் கூலிக்குப் போவார். ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டை வாங்கி வைத்துவிட்டான். அவர் மனைவி கமீலா பயணப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் வீடு கூட்டப் பழகிக்கொண்டிருந்தாள். அவர் போனால் அவரோடு வேலை செய்யும் ஓடாவி அழகரெத்தினமும் சும்மா இருக்க வேண்டியதுதான்.

அழகரெத்தினத்தை இந்தக் கதையில் வைப்பதா எடுப்பதா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பாண்டிருப்புக்காரர், மரவேலை, கொஞ்சம் வாய்க்கொழுப்பு. ஆட்களைக் குறைத்தால் கதைக்குச் செலவு குறையும். ஒரு பிரதியில் எடுத்தும் பார்த்தேன். வீடுகளுக்குக் கூரை முகடு இல்லாமல் போயிற்று. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

4.

கஸட்டில் இருப்பது, ஸம்ஸியா கேட்டபடி:

“பிஸ்மில்லாஹ். புள்ள, இப்ப முதலாவது வளவுக்க நிக்கிறன். மாரி மழைக்கு இஞ்ச முழங்கால் மட்டும் தண்ணி நிக்கும், சுவத்துல அடையாளம் கிடக்கு. அதால அத்திவாரத்த ரெண்டடி உசத்தணும். இது ஆசைக்கு இல்ல, அவசியத்துக்கு. டேய், அந்த ஆட்டப் புடி, சீமெந்துப் பேக்கத் தின்னுது!”

அவள் அடித்தது:

“இந்த வளவில் மாரிகாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஆகவே அத்திவாரம் இரண்டடி உயர்த்தப்படும்.”

ஆடு விடப்பட்டது.*

* ஆட்டைச் சேர்த்திருக்கலாம் என்பது என் கருத்து. “அப்ப நீங்களே ஒரு டைப்பிங் கடை போடுங்க” என்பது அவள் கருத்து.

முகட்டுக்கு வந்தபோது கஸட்டில் அழகரெத்தினத்தின் குரல்: “பாஸ், மரத்தப் பத்தி நீங்க கதைக்காதீங்க. குடுங்க இஞ்ச. தங்கச்சி, மரம் காய்ஞ்சதாத்தான் போடுவம். பச்சமரம் கேட்டா வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க.” இதுவும் அப்படியே மனுவில் ஏறியது, கொஞ்சம் மரியாதை பூசி.

அவள் அடிக்க அடிக்க அவளுக்கே வியப்பாக இருந்தது. காணாத வளவுக்குள் அவளால் நடக்க முடிந்தது. எந்தச் சுவர் எங்கே திரும்புகிறது, குசினிப் புகை எந்தப் பக்கம் போகும், எல்லாம் தெரிந்தது. இப்படி ஒரு மனுவை அவள் அதற்கு முன் அடித்ததில்லை.

கடைசியில் விலை வந்தது.

“ஒரு வீட்டுக்கு நாலு லெச்சத்து இருவதாயிரம்.”

பிறகு கஸட்டில் ஒரு இடைவெளி. அதிலும் ஒரு காகம் கத்துகிறது.

இங்கேதான் கல்முனைக்காரனால் மட்டும் செய்யக்கூடிய பிழை நடந்தது. விலையைச் சொல்லிவிட்டு எதிரில் பதில் வராமல் நிற்க எங்கள் ஆட்களால் முடியாது. விலை என்பது இரண்டு பேர் சேர்ந்து இழுக்கும் கரைவலை. ஒருவர் விட்டால் மற்றவர் சரிந்து விழுவார். உதுமான் பாஸ் விழ விரும்பவில்லை. மறுபக்கத்தையும் அவரே இழுத்தார்.

“என்ன, கூடவா? கூடத்தான். சீமெந்து விக்கிற விலைக்கு மறுகா என்ன செய்ய? ...சரி, சரி, எழும்பாதீங்க. மண் நிரப்புற வேலைய வீட்டுக்காரரே செய்யட்டும், பதினெட்டாயிரத்த விடுறன். இன்னும் கூடவா? பழைய கதவுநிலை நல்லாத்தான் கிடக்கு, அதையே போடுவம், பன்னிரெண்டு. என்ன மனுசன் நீங்க! குசினிக்கு வெளிப்பூச்சு வேணாம் என்டா பதினஞ்சு. அவ்வளவுதான். இனி முகட்டுல கை வச்சீங்க என்டா நான் எழும்பிப் போயிருவன்.”

பின்னர் குரலைத் தாழ்த்தி, “அப்ப கடைசி விலை...” என்று ஒரு தொகையைச் சொல்லி, “இத எழுதிராத புள்ள. நாலு இருவதையே எழுது. அவங்க கேட்டா நேரில சொல்லுவம்” என்று முடித்திருந்தார்.

அந்தத் தொகையை நானும் எழுதப்போவதில்லை. அவளை நம்பிச் சொன்னது என் வழியாக ஊருக்குப் போவதா?

5.

சிக்கல் இதுதான். அவர்கள் கேட்க மாட்டார்கள். பெட்டிக்குள் போடும் விலைமனுவில் பேரம் கிடையாது. மூடிய உறை, ஒரு தடவை திறப்பார்கள், ஒரு விலையைப் பார்ப்பார்கள். ஸம்ஸியாவுக்கு அது தெரியும். உதுமான் பாஸுக்குத் தெரியாது, சொன்னாலும் நம்பமாட்டார். உலகத்தில் பேரம் பேசாத மனிதன் இருக்கிறான் என்பதை எங்கள் ஊரில் ஒருவரும் நம்பியதில்லை.

நாலு இருபதை எழுதினால் வேலை போகும். கடைசி விலையை எழுதினால் அவர் வாக்கு போகும்.

மனுப் பெட்டி மூடும் நாள் அன்று. மணி மூன்று வரைக்கும்தான். அவரோ கஸட்டைக் கொடுத்துவிட்டு ஓடாவியோடு சவளக்கடைக்கு மரம் பார்க்கப் போயிருந்தார். மாரி தொடங்கிவிட்டது, அங்கிருந்து திரும்பும் கிட்டங்கிப் பாதைக்கு மேலால் தண்ணீர் ஓடியது. தொலைபேசி எடுபடவில்லை.

[அந்த நேரத்தில் தொலைபேசி அலறியது. “புள்ள, எழுதிப் போடு” என்று —]

இல்லை. அலறவில்லை. அலறினால் கதை எளிதாகும். ஆனால் ஸம்ஸியா செய்ததை நீங்கள் பார்க்க முடியாமல் போகும்.

அவள் கஸட்டைத் திருப்பி ஓடவிட்டாள். பேரத்தை மட்டும் மறுபடி கேட்டாள். என் வாப்பாவின் கடையில் விலை குறைந்தால் குறைந்ததுதான், காரணம் கிடையாது. புடவை ஒரு முழம்கூடக் குறையாது. காற்றில் ஏற்றிய விலை காற்றில் இறங்கும். ஆனால் இந்த மனிதன் ஒவ்வொரு படி இறங்கும்போதும் எதையோ கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறான். மண், கதவுநிலை, வெளிப்பூச்சு. அவள் கல்குலேட்டரை எடுத்துத் தட்டினாள். மீதியாக வந்ததும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னதும் ஒன்று. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தனியாக நின்று, கேட்க ஆளில்லாத வளவில், தன்னோடு தானே பேரம் பேசும்போதும் பொய் சொல்லாத ஒரு வியாபாரியை அவள் அதுவரை கண்டதில்லை. நான் இன்றுவரை கண்டதில்லை.

அவள் அடிக்கத் தொடங்கினாள்.

6.

மூன்றுக்குக் கொஞ்சம் முன்னர் உதுமான் பாஸ் வந்து சேர்ந்தார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நின்று கிட்டங்கியைக் கடந்து வந்த கோலம். சாறன் இடுப்புவரை நனைந்திருந்தது. பின்னால் அழகரெத்தினம், தலையில் சொப்பிங் பேக்.

கடைசிப் பக்கத்தை வாசித்த பாஸின் முகம் மாறியது.

“எழுதாத என்டு சொன்னனே புள்ள!”

“எழுதல்லயே காக்கா. எங்க, கடைசி விலை எதுக்குள்ள கிடக்கு, காட்டுங்க பாப்பம்.”

அவர் விரலால் வரிவரியாகத் தேடினார். நாலு இருபது இருந்தது. கழிக்கக்கூடியவை மூன்றும், ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையும் இருந்தன. கடைசி விலை இல்லை.

“கழிச்சா வருமே!”

“கழிக்கிறது கேக்கிறவங்கட வேலை. நீங்கதானே சொன்னீங்க, கேட்டாச் சொல்லுவம் என்டு? அவங்க பென்சிலால கேப்பாங்க.”

அழகரெத்தினம் சிரிக்கத் தொடங்கிவிட்டார். “பாஸ், அவ உங்கட பேரத்தையே டைப் அடிச்சிட்டா. இனி வெள்ளைக்காரன் உங்களோட இல்ல, இந்தக் கடதாசியோடதான் மல்லுக்கட்டணும்.”

“ஒனக்கென்னடா சிரிப்பு, ஒன்ட முகட்டுலதான் ஆரும் கை வைக்கல்லயே!”

“நான் வைக்க விடுவனா?”

உதுமான் பாஸ் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். நின்றபடியே முழுவதும் வாசித்தார். தண்ணீர் நிற்கும் வளவு, உயர்த்தும் அத்திவாரம், காய்ந்த மரம், கட்டமாட்டோம் என்றவை. உதடு அசைந்தது.

“இது நான் கதைச்சதா?”

“ஓம். ஆட்ட மட்டும் விட்டுட்டன்.”

பேனையை வாங்கினார். பேனையைக் கண்டால் உத்தியோகத்தராகும் அந்த மனிதர், அன்று பேர் மட்டும் எழுதினார். ஓடாவி கடதாசியை நெஞ்சுக்குள் சொருகிக்கொண்டு பெட்டியிருந்த காரியாலயத்துக்கு ஓடினார்.

“எத்தினை பக்கம்?” என்றார் பாஸ்.

“மூணு. தொண்ணூறு.”

“எம்பது வச்சுக்க.”

“பத்து ரூபாய்க்கு எதக் கழிக்க, காக்கா? சொல்லுங்க, கழிக்கிறன்.”

அவர் தொண்ணூறையும் எண்ணி வைத்தார்.

7.

இனி முடிவு. பாலமுனையில் எட்டு வீடுகள் தண்ணீருக்கு மேலே நிற்பதாக ஒரு பிரதி வைத்திருக்கிறேன். கட்டாரிலிருந்து கமீலாவுக்கு மாதாமாதம் ஒரு கஸட் வருவதாக இன்னொன்று, அதில் அவர் தன்னோடு தானே பேரம் பேசுகிறார். ஸம்ஸியாவிடம் இரண்டையும் காட்டினேன். எது உண்மை என்று சொல்லவில்லை. “உறையத் திறக்கிறவங்க சொல்லட்டும்” என்றாள். அவளுக்கு வேலை காத்திருந்தது. வாசலில் கிணறு வெட்டுகிறவர்களும் தோணி கட்டுகிறவர்களும் ஆளுக்கொரு போனில் பதிவைப் போட்டு வாயருகே பிடித்துக்கொண்டு ஒழுங்கைச் சந்து நீளத்துக்கு நடந்து நடந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

உறை இப்போது உங்கள் கையில். பென்சிலும் உங்களுடையதே. கடைசிப் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

ஒரு வீட்டுக்கு: 4,20,000 ரூபாய்

தாங்கள் விரும்பினால் கழிக்கக்கூடியவை:
மண் நிரப்புதலை வீட்டாரே செய்தால்: 18,000
பழைய கதவுநிலைகளையே போட்டால்: 12,000
குசினிக்கு வெளிப்பூச்சு இல்லையென்றால்: 15,000

அத்திவார உயரத்திலும் முகட்டிலும் கழிப்பதற்கு எதுவும் இல்லை.

மீதி: ....................