விரல் வைத்த இடம்

ரூபன் மூன்றாவது விளக்கையும் அணைத்த பிறகுதான் குழந்தை அழுகையை நிறுத்தியது. சேலை விற்கும் வீடியோக்களுக்காகப் பக்கத்துத் தெரு பூஜிதா வைத்திருந்த வட்ட விளக்கை, பிள்ளையைப் படம் எடுக்க முதலில் இரவல் வாங்கி வந்திருந்தான். அதைப் போட்டதும் பிள்ளை முகத்தைச் சுளித்துக் கண்களை இறுக்கிக்கொண்டது. டியூப்லைட்டில் கன்னம் பச்சை பூத்தது போலத் தெரிந்தது. மோட்டார் காயில் சுற்றும் அவனுடைய பட்டறையிலிருந்து எடுத்து வந்த ஃபோகஸ் விளக்கு, அறைக் கோடியில் வைத்தும் அனலடித்தது. கணபதி பகுதியில் இந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடத்தில் வெளிச்சத்தைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை. ஸ்விட்சைப் போட்டால் வருவது, அவ்வளவுதான்.

"பொறந்து பன்னெண்டு நாளாச்சுங்க. கண்ணத் தொறந்தாப்புல ஒரு போட்டோ இல்ல," என்றாள் கயல்விழி.

இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் எடுத்தவை. மஞ்சள்காமாலை என்று மூன்று நாள் நீல வெளிச்சப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், கண்களை வெள்ளைத் துணியால் மூடி. பாலுக்காக வெளியே எடுத்துத் தரும்போதும் பிள்ளை தூங்கிக்கொண்டேதான் குடிக்கும். மற்ற நேரமெல்லாம் கயல்விழி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, தன் மகள் கடலுக்கடியில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்த பிறகும், தொட்டிலை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவள் முதலில் தேடியது முகத்தை அல்ல, நிறத்தை.

ரூபன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வெள்ளைக் கல்யாண வேட்டியை நாலாக மடித்து விரித்தான். காலை பத்து மணி. வெயில் நேராக விழாமல், எங்கோ பட்டுத் திரும்பி மெத்தென்று உள்ளே வந்தது. பிள்ளை மெல்லக் கண் திறந்தது. "இங்க பாருங்க அம்மணி, அப்பனப் பாருங்க," என்று கொஞ்சிக்கொண்டே நான்கைந்து படம் எடுத்துப் போனை அவளிடம் நீட்டினான்.

"என்னங்க... மஞ்சளா இருக்கறா."

"போட்டோவுல அப்படித்தான் கண்ணு—"

"நேர்லயே பாருங்க. மறுபடியும் பொட்டிக்குள்ள வெச்சுப்போடுவாங்க. என்னால குடுக்க முடியாதுங்க."

வெளிச்சமான இடத்தில் வைத்து, நெற்றியை விரலால் அழுத்தி எடு, அந்த இடம் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே கொண்டுவா என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். கயல்விழி அழுத்தினாள். மஞ்சள். ரூபன் ஆட்டோவுக்குப் போன் போடத் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றான்.

"வேட்டியப் பாரு."

"இப்ப வேட்டிதான் முக்கியமுங்களா?"

"அதும் மஞ்சளா இருக்குது கண்ணு. வேட்டிக்குமா காமாலை?"

கயல்விழி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அதுவும் மஞ்சள். ஜன்னலுக்கு வெளியே நான்கடி சந்துக்கு அப்பால், மகள் கல்யாணத்துக்காகப் பக்கத்து வீட்டு மயில்சாமி நேற்று மஞ்சள் பெயிண்ட் அடித்து முடித்த சுவர் வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தது. அவரே அங்கு நின்று அண்ணாந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏந்தம்பி, கலர் எப்படிங்க? எம்பட ஊடு மெயின் ரோட்டுல நின்னாத் தெரியோணும்னு அடிச்சனுங்க."

"மெயின் ரோட்ட உடுங்க, எங்க ஊட்டுக் கட்டில் வரைக்கும் வந்திருச்சு!"

கயல்விழி சிரிக்கவில்லை. பிள்ளையை வேட்டியோடு அள்ளிக்கொண்டு, வடக்குப் பார்த்த வாசல் கதவைத் திறக்கச் சொன்னாள். நேர் வெயில் ஏறாத வாசல் அது. நிலைப்படிக்கு உள்பக்கமாக உட்கார்ந்தாள். வேட்டி இங்கே வேட்டியின் நிறத்தில் இருந்தது. விரலை நெற்றி வரை கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க அழுத்துங்களே."

"எனக்குக் கை காப்புக் காச்சுப் போயிருக்குது. நீயே வெய்யி."

பிள்ளை வெளிச்சத்தைப் பார்த்துக் கண்களை அகல விரித்தது. கயல்விழி அழுத்தி, விரலை எடுத்தாள். அந்த நேரத்தில், வாசலில் குனிந்து நின்ற ரூபனின் கட்டைவிரலும் படமெடுக்கப் போனைத் தொட்டிருந்தது.

நெற்றியில் வெளுத்த புள்ளி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஜா நிறத்தில் கரைந்து மறைந்தது. படத்தில் மட்டும் மறையவில்லை. வெளிறிய, சின்ன வட்டமாக அங்கேயே இருந்தது.

"எதுக்கும் நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்தரலாங்க," என்றாள். ரூபன் தலையாட்டினான்.

அவள் அந்தப் புள்ளியைத் திரை நிறையப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு படத்தை மெதுவாக மேலே தள்ளி, கண்ணுக்கு வந்தாள். கருவிழிக்குள் திறந்த வாசல் ஒன்று அரிசி மணியளவுக்கு வெளுத்திருந்தது. அதன் நடுவே, குனிந்தபடி, ரூபன்.