ஏழு ஈ இருந்த இடத்தில் இரண்டு

வௌவாலின் உடம்பில் ஒரு ஈ வாழ்கிறது. அதற்கு இறக்கை கிடையாது; பார்த்தால் சிலந்தி என்றுதான் தோன்றும். ரோமத்துக்குள் அது ஓடுகிற ஓட்டத்துக்கு ஈடுகொடுத்துப் பிடிக்க வேண்டுமானால் ஸ்பிரிட்டில் நனைத்த தூரிகையும் நடுங்காத கையும் வேண்டும். அந்தக் கை ஞானசுந்தரிக்கு இருந்தது. அதனால்தான் கோலார் தங்க வயலின் சுரங்க ஆஸ்பத்திரி ஒன்றில் காயங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவளை, டாக்டர் பென்னக் துரை தம் பங்களாவின் பின்னறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

துரைக்கு இந்த ஈக்கள் மேல் ஒரு பைத்தியம். புறாவின் இறகுக்குள் தட்டையாக ஒட்டிக் கிடப்பது, ஆந்தையினுடையது, வௌவாலினுடையது என்று எல்லாவற்றையும் கண்ணாடிக் குழாயில் போட்டுக் கல்கத்தா மியூசியத்துக்கு அனுப்புவார். மிஷன் பள்ளியில் படித்தவளான ஞானசுந்தரி ஒரு நோட்டில் தமிழில் குறிப்பு எழுதுவாள். கம்பவுண்டர் தாமோதரன் அதன் பக்கத்திலேயே இங்கிலீஷில் எழுதிவைப்பார்.

வௌவால் பிடித்து வருகிறவள், சுரங்கக்காரர்கள் குடியிருக்கிற கூலி லைனைச் சேர்ந்த சம்பங்கி. மைசூர் மைன்ஸுக்கு அப்பால், கம்பெனிகள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால் யாரோ தோண்டிப் போட்ட பழங்குழி ஒன்று இருந்தது. இருட்டுக் குழி என்றாலே ஞானசுந்தரிக்கு மூச்சு முட்டும். ஒரு நாளும் அவள் இறங்கியதில்லை; துரைக்கும் அது தெரியும். சம்பங்கிதான் கயிற்றைப் பிடித்து இறங்கி, ஒரு வௌவாலுக்கு ஒரு வெள்ளைத் துணிப்பை என்று கட்டி எடுத்து வருவாள். ஒரே பையில் இரண்டைப் போட்டால் இதன் ஈ அதற்குத் தாவிவிடும். எது எதனுடையது என்று எழுத முடியாது. செத்த வௌவாலும் உதவாது. உடம்பு குளிர்ந்ததும் ஈ இறங்கிப் போய்விடும்.

"சூடு ஆறினா ஓடிப்பூடுதா? எங்க நாத்தனாருங்க மாதிரியே கீதுக்கா," என்பாள் சம்பங்கி.

ஏழு மாதம் இப்படி ஓடியது. ஈ பிடிக்கிற நேரமெல்லாம் சம்பங்கிக்குப் பேச்சுதான். குழி எங்கே குறுகுகிறது, எங்கே தலை இடிக்கும், எந்த அறையில் தண்ணீர் சொட்டும் என்பதையெல்லாம் ஞானசுந்தரி கண்ணால் பார்க்காமலே தெரிந்துவைத்திருந்தாள். சம்பங்கிக்குத் தங்காமல் போன மூன்று பிள்ளைகளின் கதையும் அவளுக்குத்தான் தெரியும்.

மார்கழியில் எண்ணிக்கை விழுந்தது. வௌவாலுக்கு ஏழு ஈ இருந்த இடத்தில் இரண்டு. சிலதில் அதுவும் இல்லை. ஏன் குறைந்தது என்று சொல்லாத குறிப்பு பாதிப் பொய் என்று துரை நச்சரித்தார். ஞானசுந்தரி சம்பங்கியைக் கேட்டாள். சம்பங்கி இரண்டு நாள் மழுப்பினாள். மூன்றாம் நாள் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உன்னோட இருக்கட்டும்க்கா. எங்க ஊட்டுக்காரரும் இன்னும் ரெண்டு பேரும் மூணாவது அறைல கல்லு ஒடைக்கிறாங்க. வௌக்குப் பொகைக்கு வௌவாலு கூட்டமெல்லாம் இன்னும் உள்ள பூடுச்சி. வெளிய ஒண்ணொண்ணா தொங்குறதத்தான் நான் புடிச்சாரேன்."

பழங்குழியானாலும் அது கம்பெனி எல்லைக்குள் இருந்தது. தங்கம் ஓடுகிற கல்லைத் தொட்டவனுக்கு ஜெயில் என்று புதுச் சட்டமே வந்திருந்தது. அது ஞானசுந்தரிக்கும் தெரியும்.

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்," என்றாள்.

சொல்லவில்லைதான். எழுதினாள். யார் பெயரும் போடவில்லை. "மூன்றாம் அறையில் விளக்குப் புகை, புதிதாக உடைத்த கல். கூட்டம் உள்ளே நகர்ந்துவிட்டது. கூட்டத்தில் ஈ பெருகும். தனித்துத் தொங்குவதில் குறைவு." எழுதி மை உலர ஊதியபோது, துரைக்கே தோன்றாத காரணத்தைத் தான் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாள் கழித்துக் காவல்காரர்கள் பழங்குழியில் இறங்கினார்கள். முதல் அறையிலும் இரண்டாவதிலும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மூன்றாவதற்குப் போய், சம்பங்கியின் புருஷன் சின்னசாமியையும் மற்ற இருவரையும் கையில் கல்லோடு பிடித்தார்கள்.

விஷயத்தை உடைத்தவர் தாமோதரன். மருந்து கலக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"நோட்டு போலீஸ்ல இருக்குது, சுந்தரியம்மா. தொர கிளப்புல மேனேஜர்கிட்ட காட்டியிருக்காரு. உங்கள கோர்ட்டுக்குக் கூப்புடுவாங்க."

அவள் நேராகத் துரையிடம் போனாள். அவர் ஒளிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. குறிப்பு அத்தனை நன்றாக இருந்ததால்தான் காட்டினாராம். மேனேஜர் நோட்டைக் கேட்டபோது, கம்பெனி உப்பைத் தின்கிறவர் எப்படி மறுப்பது என்றார்.

"அது ஈக்காக எழுதினது, துரை."

"ஆமாம்," என்றார் அவர், தம் தட்டுத் தடுமாறும் தமிழில். "ரொம்ப நல்லா எழுதினாய்."

அன்று மத்தியானமே கூலி லைனுக்குப் போனாள். சம்பங்கி வாசலில் உட்கார்ந்து சுண்டைக்காய் நசுக்கிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்து வாசல்களில் இருந்த பெண்கள் எழுந்து உள்ளே போனார்கள். ஞானசுந்தரியைக் கண்டு அல்ல. ஐந்து நாளாகவே சம்பங்கியை யாரும் அண்டவில்லை.

"அந்தக் குழிக்குள்ள வேற எவ எறங்கினா, இவதான காட்டிக் குடுத்திருக்கணும்னு பேசறாங்க," என்றாள் சம்பங்கி. "அவுரும் அத்தயேதான் சொல்லி அனுப்பினாரு. ஜெயில்லேர்ந்து."

"நான் யார் பேரையும் எழுதலை, சம்பங்கி."

"எழுதுனியா இல்லியான்னு நான் கேக்கல. எழுதறப்போ என் நெனப்பு வந்துச்சா? அத்த மட்டும் சொல்லு."

வந்தது என்று சொல்லியிருக்கலாம். ஏழு மாதமாக உள்ளதை உள்ளபடி எழுதிப் பழகியவளுக்கு வாயில் பொய் வரவில்லை.

"வரலை. ஏன் குறைஞ்சதுங்கிறது ஒண்ணுதான் மனசுல இருந்தது."

சம்பங்கி காய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கோர்ட்டில் இன்ஸ்பெக்டர் நோட்டை நீட்டினார். தன் எழுத்துதான் என்று ஞானசுந்தரி ஒப்புக்கொண்டாள். மூன்றாம் அறை விஷயத்தை யார் சொன்னது என்று அவர் கேட்டார்.

"யாரும் சொல்லலை. நானே இறங்கிப் பார்த்தேன்."

துரை நாற்காலியில் நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டர் நம்பாமல் குறுக்கு விசாரித்தார். குழி எங்கே குறுகுகிறது, எங்கே தலை இடிக்கும், தண்ணீர் எந்த அறையில் சொட்டும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. கூண்டுக்குள்ளிருந்த சின்னசாமி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்; பிறகு கூட்டத்தில் தன் பெண்டாட்டியைத் தேடினான்.

மூன்று பேருக்கும் ஆறு ஆறு மாதம் என்று தீர்ப்பானது.

படியிறங்கும்போது தாமோதரன் பின்னாலேயே வந்தார். பார்க்காததைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தவள் எழுதிய குறிப்போடு ஒரு குழாயும் கல்கத்தாவுக்குப் போகாதாம். இனி பங்களாவுக்கு வர வேண்டாம் என்று துரை சொல்லச் சொன்னாராம்.

"ஏழு மாதக் குழாய் எல்லாமேவா?"

"எல்லாந்தாம்மா. கொட்டிடச் சொல்லிட்டாரு."

வெளியே புங்க மரத்தடியில் லைன் பெண்கள் நின்றிருந்தார்கள். நடுவில் சம்பங்கி. ஒருத்தி அவள் தோளில் கை போட்டு, பாவம்டி, உன்னப் போயி சந்தேகப்பட்டோமே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானசுந்தரி அவர்களைத் தாண்டித்தான் வண்டிக்குப் போக வேண்டும். அவள் மெதுவாக நடந்தாள். அந்தப் பெண்களில் சம்பங்கிக்கு மட்டும் தெரியும், ஞானசுந்தரி குழிக்குள் ஒரு அடியும் வைத்ததில்லை என்று. சம்பங்கி ஒரு பார்வை பார்த்தால் போதும்.

"இவதானாடி கம்பெனிக்கு வேவு பாத்தவ?" என்று தோளில் கை போட்டவள் கேட்டாள்.

சம்பங்கி நிமிர்ந்தாள். அவள் கண்ணும் ஞானசுந்தரியின் கண்ணும் சந்தித்தன.

"ஆமா," என்றாள். "இவதான்."