பாய்க்கு வெளியே தெரிந்த பாதங்கள்

எங்கள் கதையைப் படமாக எடுத்திருக்கிறார்கள். ஆக்லாந்திலிருந்து வந்தவர்கள் எடுத்த படம். எங்கள் தீவின் தலைநகரான ஆப்பியாவில், தியேட்டரின் முதல் வரிசையை எங்கள் குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். என் கணவராக நடித்தவர் அவரைவிட அழகு. நானாக நடித்தவள் என்னைவிட நல்லவள். படம் முழுக்க ஒரு பத்திரிகைக்காரி எது நியாயம் என்று தவிக்கிறாள். கடைசியில் எங்கள் வீட்டு முற்றத்தில், தலைமேல் பாயோடு மண்டியிட்டிருக்கும்போது, தன்னிடம் பொய் சொன்னவரின் பெயரை அழுதுகொண்டே கத்திவிடுகிறாள். உடனே நான் ஓடிப்போய்ப் பாயைத் தூக்கி அவளை அணைத்துக்கொள்கிறேன். பின்வரிசையில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள்.

இரண்டுமே நடக்கவில்லை. அவள் பெயரைச் சொல்லவில்லை. நான் ஓடவும் இல்லை. பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துப் புத்தக அறையைப் பார்த்துக்கொண்டவள் நான். நடந்தது நடந்தபடி ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும் என்று எழுதுகிறேன். எழுதச் சொன்னவர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் கணவர் தனியேலு மீன்பிடிப் படகு வைத்திருந்தார். எப்போதும் இரண்டு பேராகப் போவார்கள், அவரும் அவர் தம்பி ஃபெரெத்தியும். அந்தத் திங்கட்கிழமை விடியுமுன் தனியாகப் போனார். பவளப் பாறைக்கு நடுவே படகுகள் கடலுக்குள் போகும் இடைவெளியில் அலை படகைப் புரட்டிவிட்டது. மத்தியானம் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

வியாழக்கிழமை பேப்பரின் முதல் பக்கத்தில் அவர் படம் வந்தது. மேலே பெரிய எழுத்தில்: ‘குடிபோதையில் கடலுக்குப் போனவர் பலி.’ எழுதியவள் லூபே. அடுத்த ஊர்ப் பெண், என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள்.

எங்கள் ஊரில் மதுவுக்குத் தடை. தனியேலு எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் உதவி ஊழியர். அப்படிப்பட்டவர் இறந்தால் மற்ற ஊழியர்கள் வெள்ளைச் சட்டை போட்டுப் பெட்டியைத் தூக்குவார்கள், மணி அடிக்கும். சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. வெள்ளைச் சட்டை ஒன்றுகூட வரவில்லை. வீட்டு முற்றத்தில், சாலை ஓரமாக, நாங்களே புதைத்தோம். சிமெண்டு பூசினோம். பெயர் பொறிக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். ‘குடிகாரர்’ என்று ஊர் வாசிக்கும் பெயரைக் கல்லில் எதற்கு எழுத வேண்டும்?

மூன்றாவது வாரம் மருத்துவமனையிலிருந்து ரத்தப் பரிசோதனைக் காகிதம் வந்தது. ஒரு துளி மது இல்லை.

அதற்கு மறுநாள், கோழி கூவும் நேரம், ஃபெரெத்தி வந்து என்னை எழுப்பினான்.

“அண்ணி, எழுந்திருங்க. முற்றத்துல ஆளுங்க.”

எங்கள் வீட்டுக்குச் சுவர் கிடையாது, தூண்களும் கூரையும்தான். படுத்த இடத்திலிருந்தே தெரிந்தது. கல்லறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு பேர் மண்டியிட்டுக் குனிந்திருந்தார்கள். தலையிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை ஒரே பாய் மூடியிருந்தது. முன்னால் விறகு, கற்கள், பச்சை இலை. எங்கள் வழக்கப்படி, ‘உங்களுக்குத் தவறு செய்தோம், வேண்டுமானால் எங்களைச் சுட்டுத் தின்னுங்கள்’ என்று பொருள். பாதிக்கப்பட்ட குடும்பம் பாயைத் தூக்கினால் மன்னித்ததாகும், அதோடு பேச்சு முடிந்தது. தூக்காவிட்டால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். யாரும் கேட்க முடியாது.

“யாரு?” என்றேன்.

“அந்தப் பேப்பர்காரி. கூட அவ ஆசிரியர், பௌலோவாம். அடியில நுழையும்போது பாத்தேன்.” ஃபெரெத்தியின் கையில் தென்னந்தோப்புக்கு எடுத்துப்போகும் நீளக் கத்தி இருந்தது. “சொல்லுங்க அண்ணி, விரட்டிடறேன்.”

விடிந்ததும் ஊரே வேலியோரம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு செனுவா கோகோக் கோப்பையோடு வந்து நின்றாள்.

“ஏண்டி லூபே, முட்டி வலிக்குதா? எழுதறப்போ விரல் வலிக்கலையாக்கும்.”

இளைஞர்கள் சிரித்தார்கள். பாய்க்குள் ஆசிரியருக்கு மூச்சு இரைத்தது. அந்த இரைப்புக்கு ஏற்ப பாய் ஏறி இறங்கியது.

எங்கள் குடும்பத் தலைவர், என் மாமனாரின் தம்பி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பெனினா, வெயில் ஏறுது. அந்த ஆளு வயசானவன். இங்கயே செத்துகித்து வெச்சா அது வேற வம்பு. போய் எடுத்துடும்மா.”

“எடுத்துட்டா?”

“எடுத்துட்டா முடிஞ்சுது. அப்புறம் நீயும் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது.”

“அப்போ அவரு குடிச்சாருன்னு இவகிட்ட யாரு சொன்னதுன்னு எனக்கு எப்பவுமே தெரியாது, இல்லியா மாமா?”



நான் இறங்கிப் போனேன். பாயைத் தொடவில்லை. அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்க் கல்லறைமேல் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பாய்க்கு வெளியே நான்கு பாதங்கள் தெரிந்தன. இரண்டு தடித்தவை, வெடிப்பு விழுந்தவை. இரண்டு சின்னவை, ஒன்றில் செருப்பு வார் அறுத்த புண்.

“லூபே.”

“அத்தை.” பாய்க்குள்ளிருந்து குரல் அடங்கி வந்தது.

“உங்கிட்ட யாரு சொன்னா?”

“ரெண்டு பேர் சொன்னாங்க அத்தை. ஆபீஸ்ல அதான் விதி. ரெண்டு பேர் சொன்னா போடலாம். ஆனா முதல் ஆள் சொன்னதக் கேட்டுத்தான் ரெண்டாவது ஆள் சொல்லியிருக்காங்க. அத நான் விசாரிக்கல. ஒரே ஆள ரெண்டா எண்ணிட்டேன். தப்பு என்னோடது.”

“அந்த முதல் ஆள் யாரு?”

“அத என்னால சொல்ல முடியாது.”

“சொன்னா பாயத் தூக்கறேன்.”

கூட்டம் அமைதியானது. ஃபெரெத்தி வீட்டுப் படியிலிருந்து கத்தினான்: “எதுக்கு அண்ணி பேரு? பேரு வெச்சு என்ன பண்ணப் போறோம்? விரட்டுங்க அவளை.”

“நீ சும்மா இரு.”

பாய்க்குள் ஆசிரியர் இரைப்புக்கு நடுவே கிசுகிசுத்தார். அவ்வளவு அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

“சொல்லிடு பொண்ணே. அந்த ஆள் நம்மகிட்ட பொய் சொல்லியிருக்கு. பொய்யனுக்குக் கொடுத்த வாக்கு வாக்கே இல்ல.”

“பேரு வெளிய வராதுன்னு சொல்லித்தான் கேட்டேன் சார்.”

“சார் சார்னு சொல்லியே என்னைக் கொல்லப் போற.”

வேலியோரம் ஓரிருவர் சிரித்தார்கள். மற்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். “சொல்லுடி.” “யாரைக் காப்பாத்தற?” “உங்க ஊர்க்காரனா?” நான் கையை உயர்த்தியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். குடும்பத் தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். சத்தம் ஏற ஏற அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

“கடைசியாக் கேக்கறேன் லூபே.”

“நாளைக்கு முதல் பக்கத்துல, அதே அளவு எழுத்துல, எங்க தப்புன்னு போடறேன் அத்தை. மாமா குடிக்கலன்னு போடறேன். நீங்க பாயத் தூக்கினாலும் சரி, தூக்காட்டியும் சரி. அந்தப் பேரு மட்டும் கேக்காதீங்க.”

அப்போதுதான் முதல் கல் வந்தது. யார் எறிந்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அது விறகில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது கல் பாயில், தலை இருக்கும் இடத்தில், மெத்தென்ற சத்தத்தோடு விழுந்தது.

அவள் சத்தம் போடவில்லை. சின்னப் பாதங்களின் விரல்கள் மட்டும் மண்ணுக்குள் மடங்கின. வெளிர்மஞ்சள் பாயில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, கையகலம் பரவியது.

“லூபே, சொல்லிடு,” என்று ஆசிரியர் அழுதார். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவரிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. படத்தில் இல்லாதது இதுதான். கல்லை நான் எறியவில்லை, ஆனால் எறியவிட்டேன். இன்னொரு கல் விழுந்தால் பெயர் வெளியே வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு என் கணவரின் கல்லறைமேல் உட்கார்ந்திருந்தேன்.

“எறியாதீங்கடா!”

ஃபெரெத்தியின் குரல். படியிலிருந்து கத்தியோடு ஓடிவந்தான். வெட்டப் போகிறான் என்று நினைத்து செனுவா முகத்தைப் பொத்திக்கொண்டாள். குடும்பத் தலைவர் எழுந்தேவிட்டார். அவன் பாயின் முன்னால் நின்று, கத்தியை விறகுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தினான். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, பாயின் விளிம்பைத் தூக்கி உள்ளே நுழைந்துகொண்டான்.

பாய்க்கு வெளியே இப்போது ஆறு பாதங்கள். புதிதாக வந்தவற்றில் இடது குதிகாலில் பவளம் கிழித்த தழும்பு. பதினைந்து வயதில் அவனுக்கு அந்தக் காயத்தைக் கட்டிவிட்டவள் நான்.

பாய்க்குள்ளிருந்து அவன் பேசினான்.

“அண்ணன் என்னைக் கூப்பிட்டாரு அண்ணி. ரெண்டு தடவை கூப்பிட்டாரு. தூக்கத்துல திரும்பிப் படுத்துட்டேன். மிதவைச் சட்டை நாலும் எங்கிட்டதான் இருந்துச்சு. அதுக்கு முந்தின சனிக்கிழமை கோயில் பசங்கள பக்கத்துத் தீவுக்குக் கூட்டிட்டுப் போனேன்ல, திருப்பி வெக்கல. ஆஸ்பத்திரியில நர்ஸு கேட்டா, ‘ஏன் சட்டை போடாமப் போனாரு’ன்னு. குடிச்சிருந்தாருன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் இவ போன்ல கேட்டா. மாத்திச் சொல்ல பயமா இருந்துச்சு.”

லூபே மெதுவாகச் சொன்னாள்: “நான் சொல்லல, அண்ணா.”

“தெரியும்.”

நான் எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. நாலடி நடக்க எவ்வளவு நேரமானது என்று தெரியாது. கத்தி கைக்கெட்டும் தூரத்தில் மண்ணில் நின்றது, அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு பாயின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கினேன். பெரிய பாரம்போல அந்தப் படத்தில் காட்டியிருக்கிறார்கள். நல்ல பாய் துணிபோல இருக்கும், கனமே இருக்காது.

லூபேயின் நெற்றிமுடி ரத்தத்தில் ஒட்டியிருந்தது. ஆசிரியரைச் செனுவா கைத்தாங்கலாக நிழலுக்குக் கூட்டிப்போய்த் தன் கோகோவைக் கொடுத்தாள். ஃபெரெத்தி தலை நிமிரவில்லை.

கிளம்பும்போது லூபே என்னிடம் கேட்டாள்.

“இனிமே எல்லாருக்கும் தெரியும் அத்தை. பேப்பர்ல அவரு பேரைப் போடணுமா?”

“நீ என்ன வாக்குக் கொடுத்த?”

“போட மாட்டேன்னு.”

“அப்புறம் எங்கிட்ட ஏன் கேக்கற?”

மறுநாள் முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வந்தது: ‘தனியேலு குடித்திருக்கவில்லை. நாங்கள் தவறாக எழுதினோம்.’ அதில் ஃபெரெத்தியின் பெயர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்து கல்லறையைச் சுற்றி நின்றார்கள். மணி அடித்தது. பெயர் பொறிக்கச் சொன்னேன்.

பாயைத் தூக்கிவிட்டால் பேசக் கூடாது. நான் பேசவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் ஃபெரெத்திக்கு என் கையால் சாப்பாடு போடவில்லை. யாராவது போடுவார்கள், அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பான்.

தியேட்டரில் அவனும் என் பக்கத்தில்தான் இருந்தான். படத்தில் லூபே பெயரைக் கத்தியபோது என் கையைப் பிடித்தான்.

“அவ சொல்லவே இல்லியே அண்ணி. எம்பேரப் போட்டே எழுதிடுங்க.”

எழுதிவிட்டேன். நாளைக்கு இதை முதலில் அவனிடம் படிக்கக் கொடுப்பேன். பிறகு லூபேயிடம். ஏதாவது தவறாக இருந்தால் அவள் சொல்வாள்.