செவ்வாய்க்கிழமைகள் வெள்ளவத்தைக்குப் போயின

பாஸ்டருக்கு நான் கொடுக்க வேண்டியது ஆறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். என் மனைவி ராக்கம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே தனியாரிடம் ஸ்கேன் எடுக்க, அவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு. அவள் செத்து ஒரு வருஷம் ஆன பிறகும் அவர் அதைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கையில் இல்லாதது மட்டும் காரணமல்ல. கடன் இருக்கிற வரைக்கும் மனுஷன் வந்து போவார் என்று ஒரு நினைப்பு.

வந்தார். செவ்வாய்க்குச் செவ்வாய் நாலரை மணிக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் அறைக்கு வருவார். புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கிவிட்டு ஓடி வந்து குளித்து, இருக்கிறதில் நல்ல சாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜெபம் இரண்டு நிமிஷம்தான். மிச்சமெல்லாம் கதை. கருவாட்டுக் குழம்புக்கு ராக்கம்மா மாங்காய் போடுவாளா என்று ஒருநாள் கேட்டார். அவளைப் பற்றி அப்படிக் கேட்க எனக்கு வேறு ஆள் கிடையாது.

ஜூன் மாதம் ராக்கம்மாவின் வருஷ நினைவுக் கூட்டம் நடந்தது. அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற யதுஷாவிடம் கேட்டேன்.

"பாஸ்டர் இப்ப செவ்வாய்ல வெள்ளவத்தைக்கு இல்லையா போறார், அங்கிள். இரத்தினசிங்கம் ஐயா வீட்டுக்கு."

இரத்தினசிங்கம் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து மனுஷன். சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட இல்லை. அதிலும் மூன்று மாதமாக ஆளையே காணவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். நான் இந்தச் சபையில் பதினொரு வருஷம்.

"லிஃப்ட் வச்ச வீடு. ஃபேனுக்குக் கீழ தேத்தண்ணி கிடைக்கும். நம்ம வீட்டுல என்னா இருக்கு?" என்றேன்.

"நீங்க என்னமோ பாஸ்டரைக் கலியாணம் கட்டின மாதிரி கதைக்கிறீங்க!" என்று யதுஷா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாக நின்றது. இரண்டு கிழமை அதிகப்படி மூட்டை தூக்கினேன். கடன் காசு சேர்ந்தது. அந்த வீட்டு ஃபேனுக்குக் கீழேயே எண்ணி வைத்துவிட்டு வேறு சபை பார்ப்பதென்று முடிவு செய்து, செவ்வாய் பின்னேரம் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தது இரத்தினசிங்கத்தின் மனைவி கனகேஸ்வரி. முழங்கை வரைக்கும் ஈரம்.

"ஆர் நீங்கள்? சபையோ? நல்ல நேரத்தில வந்தனீங்கள், கெதியா உள்ளுக்கு வாங்கோ!"

குளியலறைக்குள் பாஸ்டர் காற்சட்டையை மடித்துவிட்டு நின்றார். பிளாஸ்டிக் கதிரையில் நனைந்த துவாயோடு இரத்தினசிங்கம். வலது பக்கம் முழுக்கச் செத்துக் கிடந்தது, வாய் கோணியிருந்தது. பாஸ்டர் முதுகை வளைத்து, கக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க பாஸ்டர்! அப்பிடித் தூக்கினா ரெண்டு பேரும் விழுவீங்க."

குனியாமல் முழங்காலை மடித்தேன். இரத்தினசிங்கத்தின் மோவாயை என் தோளில் வைத்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்தேன். "ஐயா, நல்ல காலை ஊன்றுங்க. மூட்டைதான் உதவி செய்யாது, நீங்க செய்யலாம்." ஒரே எழுப்பு. கட்டிலில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் இடது கையை நீட்டினார். தூக்கியது நான், அவர் பிடித்துக்கொண்டது பாஸ்டர் கையை. அது எனக்குச் சுட்டது.

கனகேஸ்வரி அம்மா என்னைப் பார்த்தார். "இவரைப் பாக்கிற பொடியனுக்குச் செவ்வாயில லீவு. இவர் இப்பிடிக் கிடக்கிறதை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டு நான்தான் பாஸ்டரிட்டக் கேட்டனான். இவருக்கு வெக்கம்."

பாஸ்டர் என்னை வெளியே நடைபாதைக்குக் கூட்டி வந்தார்.

"இங்க வந்தீங்க, சரி. எங்க வீட்டை ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன்.

"வருஷ நினைவு முடிஞ்சா வீட்டுச் சந்திப்பை நிறுத்துறது நம்ம வழக்கம்தானே, அண்ணே. கொப்பியில உங்க பேர் மேல கோடு போட்டுட்டேன். வேலைக்குப் போறீங்க, சிரிக்கிறீங்க..."

"வருஷம் முடியிற வரைக்கும் ஆளுங்க வந்துகிட்டே இருந்தாங்க. எல்லாரும் நின்ன பிறகுதான் பாஸ்டர், அவ இல்லைங்கிறது எனக்குத் தெரிஞ்சுது."

அவர் துவாயைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "பிழை என்னோடதுதான், அண்ணே. உங்களைக் கேக்காம கோடு போட்டேன். வெள்ளிக்கிழமை வரட்டா?"

"செவ்வாய்தான் வேணும்."

"செவ்வாய் இவரைக் குளிப்பாட்டணுமே."

"நான் வந்தா அரை மணித்தியாலத்தில முடிஞ்சிரும். உங்களுக்கும் முதுகு தப்பும். முடிச்சிட்டு ரெண்டு பேருமா ஒரே பஸ்ஸில எங்க வீட்டுக்குப் போவோம். இவர்கிட்ட அதுக்கு மேல நிக்கக் கூடாது."

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "ஐயாகிட்டக் கேட்டு முடிவெடுப்போம்" என்றார்.

உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. இரத்தினசிங்கம் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார்.

பாஸ்டர் திரும்பி வந்ததும் காசை நீட்டினேன். வேண்டாம் என்று சொல்வார், கடன் அப்படியே கிடக்கும் என்று மனசுக்குள் ஓர் ஆசை. அவர் வாங்கினார். ஈர விரலால் ஒவ்வொரு தாளாக எண்ணினார்.

"ஆறாயிரத்து நானூற்று ஐம்பது. சரியா இருக்கு, அண்ணே" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.