வீட்டுப் பெயர்

சவப்பெட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவரும்போது ஒரு முனை நிலையில் இடித்தது. "மெதுவாய்யா, இது ஒட்டுப்பலகை இல்ல, நிஜப் பெட்டி" என்றார் பொவாட்டெங். செர்வாவின் அப்பா நடித்த படங்களுக்கு இருபத்தைந்து வருஷமாகப் பெட்டி செய்து சுமந்தவர் அவர்தான். இன்றைக்கும் அவரும் அவருடைய மூன்று ஆட்களுமே சுமந்தார்கள்.

தகப்பனுக்குப் பெட்டி வாங்குவது பிள்ளைகள் கடமை. குமாசி நகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் செர்வா ஒரே பிள்ளை, வாங்கிவிட்டாள். மற்றபடி ஊர் வழக்கத்தில் பிணம் அப்பாவின் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பத் தலைவர் ஒபிரி பெரியப்பா வைத்ததுதான் சட்டம். தெருவெல்லாம் ஒட்டிய இரங்கல் சுவரொட்டியில் 'நானா டுக்கு' என்று மட்டும் போடச் சொன்னவர் அவர். வீட்டுப் பெயரான யாவ் சாபோங் என்று போட்டால் எவன் வருவான் என்று கேட்டார். அதுவும் நியாயந்தான். துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தி வாசலில் நின்ற கூட்டத்தில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

அப்பா முதலில் பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்த மனுஷர். முதல் படத்தில் மனைவியின் தலைத்துணியான டுக்குவைக் கட்டிக்கொண்டு 'நானா', அதாவது ராஜாவாக வந்தார். ஊர் சிரித்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு சொந்தமாகப் பதினான்கு படம் எடுத்தார், ஒவ்வொன்றும் பத்தே நாளில். வீட்டுச் சோபா பதினான்கிலும் நடித்தது. இந்தியச் சீரியல் மாமியார்கள் உள்ளூர் ட்வி மொழியில் அழ ஆரம்பித்ததும் தொழில் படுத்துவிட்டது. அப்போதும் யாராவது கூப்பிட்டால் போய் ஒரு படத்திலாவது செத்துவிட்டு வருவார்.

சாவுக் காட்சிக்கு அவர் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். 'கட்' சொன்னதும் பெட்டியிலிருந்து எழமாட்டார். வீட்டு ஆள் வந்து வீட்டுப் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால், படுத்தது நடிகனா வீட்டு மனுஷனா என்று சாவுக்குக் குழப்பம் வந்துவிடுமாம். அம்மா இறந்தபிறகு அந்த வேலை ஏழு வயதுச் செர்வாவிடம் வந்தது. மூன்றாவது தடவைக்குக் கண்ணைத் திறந்து, "வந்துட்டேன். சாப்பிட என்ன இருக்கு?" என்பார். எத்தனை தடவை கேட்டாலும் எல்லோரும் சிரிப்பார்கள்.

கடைசிப் படத்துக்கும் போன் செய்தார். கடையில் கூட்டம் நெருக்கியது. "அப்பா, எனக்கு முப்பத்தொரு வயசாச்சு. நீங்களே எழுந்துக்குங்க" என்றாள். "சரிம்மா, வியாபாரத்தப் பாரு" என்று வைத்துவிட்டார். அதற்கு ஒன்பதாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது விழுந்தார். மாரடைப்பு. மருந்து விற்கிறவளுக்கு மாரடைப்பு என்றால் என்னவென்று தெரியாதா? தெரியும். ஆனாலும் அப்பா பிணவறையில் இருந்த இந்த ஆறு வாரமாக, அன்றைக்குப் போயிருக்கலாம் என்பதைத் தவிர வேறெதையும் அவள் மனசு நினைக்கவில்லை.

அப்பாவை உடுத்திய கென்டேத் துணியோடு தூக்கிப் பெட்டியில் கிடத்தினார்கள். பெரியப்பா அவர் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டார். வாசலில் ரசிகர்கள் 'டுக்கு, டுக்கு' என்று கூவிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் காத்திருக்கிறார், மூடுங்கள் என்றார் பெரியப்பா.

நால்வரும் மூடியைத் தூக்கினார்கள். ஆனால் பொவாட்டெங் அதை வைக்கவிடாமல் செர்வாவைப் பார்த்தார்.

"அன்னிக்கு யாருண்ணே கூப்பிட்டது?" என்று கேட்டாள். ஆறு வாரமாகக் கேட்கப் பயந்த கேள்வி.

"யாரும் இல்லம்மா. நான் கூப்பிடறேன்னேன், வேணாம்னுட்டாரு. கடையப் பூட்டிட்டு நீ வந்துடுவேன்னு படுத்தே கெடந்தாரு. அப்புறம் மழை புடிச்சுக்கிச்சு. எழுந்துட்டாரு."

இங்கென்ன படமா எடுக்கிறீர்கள் என்று பெரியப்பா அதட்டினார். செர்வா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"யாவ் சாபோங்."

குரல் எழும்பவில்லை. அப்பாவின் தோளில் கசங்கியிருந்த துணியை நீவிவிட்டு மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டது வாசல்வரை கேட்டிருக்க வேண்டும். அங்கே கூச்சல் அடங்கியது.

பொவாட்டெங்கும் ஆட்களும் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள். படப்பிடிப்பில் வழக்கமாக நிற்கிற அளவு நின்றார்கள், அதற்கு மேலும் கொஞ்ச நேரம் நின்றார்கள். வந்தவர்கள் சாப்பிடுவதற்காகப் பின்கட்டில் ஃபுஃபு களி இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.